எதனால்? எதற்காக?

கோத்தா திங்கி நகரை 2006 டிசம்பரில் வெள்ளம் மூழ்கடித்தது. நீர் வடிந்தபின் மக்கள் வீடுகளின் சேற்றைக் கழுவி, நனைந்த மெத்தைகளை வெயிலில் உலர்த்தி முடிப்பதற்குள், 2007 ஜனவரியில் இரண்டாம் வெள்ளம் வந்தது. ஜொகூர் மாநிலத்தில் 100,000க்கும் மேற்பட்டோர் துயர் துடைப்பு மையங்களில் தங்க நேர்ந்தது. அம்மையங்களுள் ஒன்றுக்கு நண்பர்களோடு போர்வைகள் கொண்டு சென்றிருந்தேன். முதிய அம்மையார் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "ஏன் ஐயா, ஒரு தடவ போதாதா? எங்களுக்கு எதுக்கு இது?" என்று கேட்டார். உடன் வந்தவர்களுள் ஒருவர் வடகிழக்குப் பருவமழையைப் பற்றி விளக்கினார். மற்றொருவர், "கடவுள் சோதிக்கிறார் அம்மா" என்றார். அம்மையார் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேசாமலிருந்தார்.

கடவுள் உண்டா, நிகழ்வனவற்றுக்குப் பின்னே ஒரு நோக்கம் உண்டா என்பதற்கு விடை கூறும் தகுதி மொழியியல் பயின்ற எனக்கு இல்லை. ஆயினும் ஒரு வினா எச்சொற்களால் ஆகியிருக்கிறது என்று ஆராய்வது எங்கள் தொழில்.

'ஏன்' என்னும் சிறு சொல்லுக்குள் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. ஒன்று 'எதனால்', மற்றது 'எதற்காக'. முன்னது மூன்றாம் வேற்றுமை உருபேற்றுக் காரணத்தை வினவுகிறது. பின்னது நான்காம் வேற்றுமை உருபேற்று நோக்கத்தை வினவுகிறது. நன்னூலார் இதனைப் 'பொருட்டு' என்பார். பள்ளி மணி எதனால் ஒலித்தது? ஊழியர் அடித்ததனால். எதற்காக ஒலித்தது? ஓய்வு நேரத்தை அறிவிப்பதற்காக. இரு விடைகளும் மெய். ஒன்று மற்றொன்றை மறுப்பதில்லை. ஆனால் மணிக்கு அடித்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதை நாம் அறிவோம். வெள்ளத்துக்கு அத்தகைய ஒருவர் உண்டா என்பதே வழக்கு. எனவே 'எதற்காக வெள்ளம் வந்தது' என்று வினவும்போதே, அனுப்பியவர் ஒருவர் உண்டு என்பதைப் பாதி ஒப்புக்கொண்டுவிடுகிறோம். பருவமழையை விளக்கிய நண்பர் கேட்கப்படாத வினாவுக்கு விடை தந்தார். மற்றவரோ, தாம் அறிய இயலாத ஒன்றை அறிந்தவர்போல் உரைத்தார்.

தொல்காப்பியர் இவ்வேறுபாட்டை எவ்வளவு நுட்பமாக அமைத்திருக்கிறார் என்பதை மாணவர்கள் கருத வேண்டும். ஒரு தொழில் நிகழ்வதற்குரியவை எட்டு என்கிறார்: வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன். நோக்கமாகிய பயன் இறுதியில் நிற்கிறது. அடுத்த நூற்பாவிலேயே, இவற்றுள் சில வழக்கில் குறைந்து வருதலும் உண்டு என்கிறார். 'வளி வழங்கிற்று' என்பது உரையில் வரும் எடுத்துக்காட்டு. காற்று வீசியது, அவ்வளவுதான். அத்தொடருக்குப் பயன் என ஒன்று வேண்டுவதில்லை. தொல்காப்பியர் இறைமறுப்பாளர் என்று இதனைக் கொண்டு வாதிடுவது பிழை. நோக்கம் கூறாமலும் ஒரு நிகழ்ச்சியை முழுமையாகச் சொல்ல முடியும் என்பதே இதனால் பெறப்படுவது. 'கட', 'உள்' எனச் சொல்லைப் பிரித்துக் கடவுளின் இருப்பை நிறுவ முயலும் மேடைப்பேச்சையும் இதே காரணத்தால் நான் ஏற்பதில்லை. 'செய்யுள்' என்னும் சொல்லிலும் அந்த 'உள்' விகுதியாக நிற்கிறது. சொற்பிறப்பு பொருளின் இருப்புக்குச் சான்றாகாது.

இனி, ஊழைக் குறிக்கும் சொற்களைக் காண்போம். பழந்தமிழில் ஊழுக்குப் 'பால்' என்றொரு பெயருண்டு. ஆண்பால், பெண்பால் என நாம் பகுத்துக் கூறும் அதே 'பால்'. பகுதி, பங்கு என்பது பொருள். 'பாக்கியம்' என்னும் வடசொல்லும் பங்கிடுதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. நம் மலாய் அண்டை வீட்டார் 'நசீப்' என்கின்றனர். அரபியில் அதற்கும் பங்கு என்றே பொருள். பழைய கிரேக்கரின் 'மொய்ரா'வும் பங்குதான். வெவ்வேறு மொழிகள் இவ்வாறு ஒத்திருப்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. வேட்டையிலும் விளைச்சலிலும் பங்கு பிரித்து வாழ்ந்த மனிதன், தனக்கு நேர்ந்ததையும் தன் பங்கு என்றே எண்ணினான் போலும். பங்கு என்னும் சொல், கிடைத்தது இவ்வளவு என்று மட்டுமே உரைக்கிறது. எதனால் என்றோ எதற்காக என்றோ உரைப்பதில்லை.

'வினை' அப்படியன்று. முன்வினையே இதற்குக் காரணம் என்பது 'எதனால்' என்பதற்குரிய விடை. ஆதலால்தான் படைப்புக் கடவுளை ஏற்காத சமணரும் வினைக் கோட்பாட்டை உறுதியாகக் கொள்ள முடிந்தது. 'சோதனை' என்பதோ 'எதற்காக' என்பதற்குரிய விடை. சோதிப்பவர் ஒருவர் இல்லாமல் சோதனை இல்லை. நம் பேச்சில் விதி, வினை, சோதனை, தலையெழுத்து ஆகிய அனைத்தையும் ஒரே மூச்சில் கலந்து வழங்குகிறோம். கடவுள் பற்றிய வாதங்கள் பல இக்கலப்பினால்தான் முடிவின்றி நீள்கின்றன.

திருவள்ளுவர் 38ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைப் பேசுகிறார். அங்கே அவர் ஆளும் சொற்களுள் ஒன்று 'வகுத்தான்' என்பது. பங்கிட்டவன் என்றே அதற்கும் பொருள். 62ஆம் அதிகாரத்தின் இறுதியிலோ, தெய்வத்தால் ஆகாதபோதும் முயற்சி தன் உழைப்பளவுக்குக் கூலி தரும் என்றும், தளராமல் முயல்வோர் ஊழையே புறங்காண்பர் என்றும் கூறுகிறார். இவற்றை முரண் என்று கூறி மாணவர்களைக் குழப்ப வேண்டியதில்லை. நேர்ந்துவிட்டதைப் பற்றிப் பேசுவது முன்னது. இனிச் செய்ய வேண்டியதைப் பற்றியது பின்னது.

நம் பள்ளி மாணவர்கள் சபைகூடலில் உறுதிமொழியாகச் சொல்லும் தேசியக் கோட்பாடு 1970 ஆகஸ்ட் 31இல் அறிவிக்கப்பட்டது. இறைவன் மீது நம்பிக்கை வைத்தல் அதன் முதற்கூறு. நானும் வெள்ளிதோறும் கோயிலுக்குச் செல்பவன்தான். ஆனால் இறைவனை நம்புவது வேறு; அண்டை வீட்டாரின் இழப்புக்கு அவர் கருதிய நோக்கம் இன்னது என்று அறிவிப்பது வேறு. முன்னது என் நெஞ்சைச் சேர்ந்தது. பின்னதற்கு எனக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. வகுப்பில் பெற்றோரை இழந்த பிள்ளை ஒன்று 'ஏன்' என்று கேட்டால், அப்பிள்ளை எதனாலைக் கேட்கிறதா, எதற்காகவைக் கேட்கிறதா என்று ஆசிரியர் முதலில் செவிமடுக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டும் இல்லாமல், பக்கத்தில் யாரேனும் அமர வேண்டும் என்றே அது கேட்டிருக்கும்.

அன்று அந்த அம்மையாருக்கு நான் விடை எதுவும் கூறவில்லை, அருகில் அமர்ந்திருந்தேன். சற்று நேரம் கழித்து அவரே பேசினார். "சாமி படமெல்லாம் நனஞ்சி போச்சி ஐயா. காய வெச்சிக் கும்பிடலாமா, ஆத்துல விட்டுடணுமா?" காய வைக்கலாம் என்றேன். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, படத்தை ஒரு நாளிதழின்மேல் விரித்து வைத்தோம்.