காலியா, இல்லவே இல்லையா?

இணையப் படிவத்தில் "குழந்தைகள் எத்தனை?" என்ற கேள்விக்கு ஒருவர் 0 என்று நிரப்புகிறார். "இந்தக் கட்டத்தை நிரப்பவில்லை" என்று திரை அதட்டுகிறது. தவறு எங்கே?

பிஎச்பி நிரல்மொழியில் இது பழைய வழுக்குப்பாறை. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட இந்த மொழியில் மாறியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டியதில்லை. மதிப்பைப் போட்டதும் பிறந்துவிடும். அதனால், எடுத்தாளும்போது அது இருக்கிறதா என்று நிரலர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு இரண்டு சோதனைகள் உண்டு. மாறி இருக்கிறதா, அதில் 'நல்' (மதிப்பின்மை) அல்லாத மதிப்பு உள்ளதா என்று பார்ப்பது 'இஸ்செட்'. 'எம்ப்டி' இன்னும் கறாரானது: வெற்றுச் சரம், வெற்று அணி, பொய், சுழியம் எல்லாமே அதற்குக் காலிதான். படிவத்திலிருந்து எழுத்தாக வரும் "0" கூட!

இல்லாத மாறியைத் தொட்டும் இவை எச்சரிக்கை எழுப்பாதது ஏன்? சாதாரணச் செயற்கூறுக்கு மாறியின் மதிப்பை முதலில் எடுத்துத் தர வேண்டும். எச்சரிக்கை அங்கேயே கிளம்பிவிடும். இவையோ செயற்கூறுகள் அல்ல, மொழியின் இலக்கணத்திலேயே பதிந்தவை.

டிக் செய்யாத தேர்வுக் கட்டத்தைப் பிரவுசர் அனுப்புவதே இல்லை. அங்கே இஸ்செட் கைகொடுக்கும். 2015இல் வந்த பிஎச்பி 7, இரட்டைக் கேள்விக்குறியைத் தந்தது: மதிப்பு இல்லையென்றால் மாற்று மதிப்பு தானே வந்து அமரும். 2020இல் வந்த பிஎச்பி 8, அறிவிக்காத மாறிக்கான வெறும் குறிப்பை எச்சரிக்கையாக உயர்த்தியது.

சுழியமும் சரியான விடையாகும் கட்டத்தில் எம்ப்டியைத் தவிர்த்துவிடுங்கள்.