ஒரே வரியில் ஓடத் தொடங்கும் சூப்பர் கம்ப்யூட்டர்

தை, மாசி மாதங்களில் கொடுமுடி வட்டாரத்துக் களங்களில் வேகவைத்த மஞ்சள் வெயிலில் காயும். நடுவில் ஒரு மழை பெய்துவிட்டால் நிறம் மங்கும், விலை இறங்கும். 'ஈரோடு மாவட்டத்தில் மழைக்கு வாய்ப்பு' என்று பொதுவாகச் சொன்னால் அந்த விவசாயிக்குப் பயன் குறைவு. ஈரோட்டுக்கும் கொடுமுடிக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர். அங்கே கொட்டும் மழை இங்கே தூறாமலே போவதுண்டு.

இந்தக் குறையைப் போக்கத்தான் 2025 மே மாதம் 'பாரத் முன்னறிவிப்பு அமைப்பு' நடைமுறைக்கு வந்தது. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், ஈரம் எப்படி மாறும் என்று கணக்கிடுவது இதன் வேலை. முன்பு ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 12 கிலோமீட்டர், இப்போது 6. அகலம் பாதியானால் ஒரு கட்டம் இருந்த இடத்தில் நான்கு வந்துவிடும். கட்டம் சிறுத்தால், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கணக்குப் போடுகிறோம் என்ற இடைவெளியையும் பாதியாக்க வேண்டும். மொத்தத்தில் வேலை ஏறக்குறைய எட்டு மடங்கு. ஒரே பிராசசரிடம் இதைக் கொடுத்தால், நாளைய மழை பெய்து ஓய்ந்த பிறகுதான் விடை வரும்.

ஆகவே வேலையைப் பங்கு போட வேண்டும். புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில், 2024 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட 'அர்கா' சூப்பர் கம்ப்யூட்டர் இதற்கு உழைக்கிறது. அதன் திறன் 11.77 பெட்டாஃபிளாப் (ஒரு பெட்டாஃபிளாப் என்பது விநாடிக்கு ஆயிரம் லட்சம் கோடி கணக்குகள்). இத்தகைய இயந்திரங்களில் ஆயிரக்கணக்கான பிராசசர் கோர்கள் ஒரே கணக்கில் ஒரே சமயத்தில் இறங்குகின்றன. அவற்றைக் கிளப்பிவிட டெர்மினல் திரையில் ஒரு வரி தட்டினால் போதும்.

அந்த வரியைப் பார்க்க புணே வரை போக வேண்டாம். உபுண்டு லினக்ஸ் போட்ட சாதாரண லேப்டாப்பில், 'ஓப்பன் எம்.பி.ஐ.' என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொண்டால் போதும். பெருந்துறையிலோ கோவையிலோ பொறியியல் படிக்கும் ஒரு மாணவர் 'வணக்கம்' என்ற பெயரில் சிறிய புரோகிராம் ஒன்றை எழுதிவைத்திருக்கிறார் என்று கொள்வோம். லினக்ஸில் கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அதை ஓட்ட அவர் தட்டுவது இவ்வளவுதான் (கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கில எழுத்தில்):

எம்பிஐரன் -என்பி 4 ./வணக்கம்

'இந்த புரோகிராமை நான்கு பிரதியாக ஓட்டு' என்பது இதன் பொருள். கட்டளை உடனே நான்கு பிராசஸ்களை, அதாவது ஓடும் பிரதிகளை, தொடங்கி, 0 முதல் 3 வரை எண் கொடுக்கும். இந்த எண்ணுக்கு 'ரேங்க்' என்று பெயர். நான்கும் ஒரே புரோகிராம்தான். ஆனால் ஒவ்வொன்றும் தன் ரேங்கைக் கேட்டறிந்து, தனக்குரிய பங்கை மட்டும் செய்கிறது. திரையில் 'ரேங்க் 2-இலிருந்து வணக்கம்' முதலில் வரலாம், அடுத்து 0, பிறகு 3, கடைசியில் 1. மறுபடி ஓட்டினால் வரிசை மாறியிருக்கும். புதியவர்கள் இதைப் பார்த்துத் தவறு நேர்ந்துவிட்டதாகப் பதறுவார்கள். தவறு ஒன்றுமில்லை. நான்கும் தனித்தனியாக ஓடுகின்றன. யார் முந்துவார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

நான்கு கோர் உள்ள லேப்டாப்பில் 4-க்குப் பதில் 8 என்று தட்டினால், 'போதுமான ஸ்லாட் இல்லை' என்று ஓப்பன் எம்.பி.ஐ. மறுத்துவிடும். கோர்களின் எண்ணிக்கைக்கு மேல் பிராசஸ்களைத் திணித்தால் வேகம் கூடாது. ஒன்றுக்கொன்று இடம் விட்டுக்கொடுத்தே நேரம் போகும். கற்றுக்கொள்வதற்காக ஓட்டித்தான் பார்க்க வேண்டும் என்றால், அந்தத் தடையைத் தளர்த்த 'ஓவர்சப்ஸ்கிரைப்' என்ற தேர்வு இருக்கிறது.

எம்.பி.ஐ. என்பது இந்தப் பிராசஸ்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்வதற்கான பொது விதிமுறை. அதன் முதல் பதிப்பு 1994-இல் வெளியானது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனத்தின் இயந்திரத்துக்கும் அதற்கென்று தனி முறை இருந்தது. இயந்திரம் மாறினால் புரோகிராமையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது. இன்று லேப்டாப்பில் எழுதியதை சூப்பர் கம்ப்யூட்டருக்கு எடுத்துச் சென்று, அங்கே மறுபடி கம்பைல் செய்து ஓட்டிவிடலாம். ஊரில் இருந்தபடியே இந்த வித்தையைக் கற்க முடிவது இதனால்தான்.

கொடுமுடியில் கிழக்கே திரும்பும் காவிரி எட்டும் திருச்சியில் அப்படி ஓர் இயந்திரம் இருக்கிறது. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் இயக்கத்தின்கீழ், திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே 25 அன்று தொடங்கிவைக்கப்பட்ட 'பரம் பொருள்' அது. திறன் 838 டெராஃபிளாப். விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள்.

இத்தகைய இயந்திரத்தில் பலர் ஒரே சமயத்தில் வேலை செய்வதால், நேரடியாக எம்பிஐரன் தட்டுவதில்லை. பயனாளர் முதலில் வந்து சேரும் 'லாகின் நோட்' கோப்புகளைத் தயார் செய்வதற்கு மட்டுமே. எத்தனை நோட் (இயந்திரத்துக்குள் இருக்கும் தனித்தனிக் கணிப்பொறி), எத்தனை கோர், எத்தனை மணி நேரம் வேண்டும் என்று ஒரு சின்ன ஸ்கிரிப்டில் எழுதி, 'எஸ்பேட்ச்' என்ற கட்டளையால் வரிசையில் சேர்க்க வேண்டும். 'ஸ்லர்ம்' என்னும் மென்பொருள் அந்த வரிசையை நிர்வகிக்கிறது. 'எஸ்க்யூ' என்று தட்டினால் வேலையின் நிலை தெரியும்: 'பி.டி.' என்றால் காத்திருக்கிறது, 'ஆர்' என்றால் ஓடுகிறது. கேட்ட நேரம் முடிந்தால் ஸ்லர்ம் வேலையை நிறுத்திவிடும். அளவுக்கு மீறிக் கேட்டால் வரிசையில் நெடுநேரம் நிற்க நேரும்.

இப்படி வேலையைப் பங்கு போட்டுச் செய்யும் இணைக் கணிப்பு இந்தியாவில் பழைய முயற்சி. பெங்களூரில் உள்ள தேசிய வான்வெளி ஆய்வகம் 1986-இல் 'ஃப்ளோசால்வர்' திட்டத்தைத் தொடங்கியது. 1988-இல் உருவான சி-டாக் நிறுவனம், விஜய் பட்கர் தலைமையில் 1991-இல் 'பரம் 8000' சூப்பர் கம்ப்யூட்டரை வெளியிட்டது. 2004-இல் சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் இயற்பியலாளர்கள், 144 கணிப்பொறிகளை இணைத்து 'கப்ரு' என்ற கிளஸ்டரை அமைத்தார்கள். சந்தையில் கிடைக்கும் பிராசசர்களைக் கொண்டே அது உலகின் அதிவேகக் கணிப்பொறிகளின் பட்டியலில் இடம்பிடித்தது.

கோர்களைக் கூட்டிக்கொண்டே போனால் வேகமும் கூடிக்கொண்டே போகுமா? போகாது. 100 நிமிட வேலையில் 10 நிமிடம் பிரிக்கவே முடியாத பகுதி என்றால், ஆயிரம் கோர் போட்டாலும் 10 நிமிடத்துக்குக் கீழே இறங்க முடியாது. 1967-இல் கணிப்பொறி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் இதை எடுத்துக்காட்டினார். செய்திப் பரிமாற்றத்துக்கும் நேரம் பிடிக்கும். ஒரு வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாலும், பக்கத்துப் பாத்திக்காரர் மடையைத் திறக்கும் வரை நின்றுதான் ஆக வேண்டும். வானிலைக் கணக்கும் அப்படியே: ஒவ்வொரு பிராசஸும் தன் ஓரக் கட்டங்களின் மதிப்பைப் பக்கத்துப் பிராசஸுக்கு அனுப்பி, அதனிடமிருந்து பெற்ற பிறகே அடுத்த அடியை வைக்கும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றுவிட்டால் புரோகிராம் அப்படியே உறைந்துபோகும். பிழைச் செய்திகூட வராது. அப்போது கண்ட்ரோல்-சி அழுத்தி எல்லாவற்றையும் நிறுத்துவதே வழி.

எனவே கட்டளையில் பெரிய எண்ணைத் தட்டுவது எளிது. அந்த எண்ணுக்குத் தகுந்தபடி வேலையைப் பிரிப்பதில்தான் படிப்பும் உழைப்பும் இருக்கின்றன. அதை அளந்து பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. ஒரே கணக்கை 1, 2, 4 பிராசஸ்களில் ஓட்டி, கட்டளைக்கு முன்னால் 'டைம்' என்று சேர்த்து, ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டில் நேரம் பாதியாகி, நான்கில் கால் பங்காகிறது என்றால் பங்கீடு சரி. குறையவில்லை என்றால், எங்கே காத்திருப்பு நேர்கிறது என்று தேட வேண்டும். சூப்பர் கம்ப்யூட்டரில் நேரம் கேட்டு விண்ணப்பிக்கும் ஆய்வாளர்களும், தங்கள் புரோகிராம் எத்தனை கோர் வரை பலன் தருகிறது என்று காட்ட இதே போன்ற அட்டவணையைத்தான் தயாரிக்கிறார்கள். முதல் அட்டவணைக்கு வீட்டில் இருக்கும் லேப்டாப்பே போதும்.