கோட்டின் எப்பக்கம்?

மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே, புதுச்சேரியை அடுத்துள்ள கடலோர ஊர் பெரிய முதலியார்சாவடி. அங்குக் கரையோரம் வீடு கட்ட விழைவோர் முதலில் அறிய வேண்டுவது, மனை கோட்டின் எப்பக்கம் உள்ளது என்பதே. 1991, 2011ஆம் ஆண்டுகளின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள், நகர வளர்ச்சி பெறாத கரைகளில், உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 200 மீட்டர் வரை புதிய கட்டுமானங்களைப் பொதுவாகத் தடைசெய்தன. (மரபுவழிக் கடலோர மக்களின் குடியிருப்புகளுக்கு, 100 மீட்டருக்கு அப்பால், 2011 அறிவிக்கை இடமளித்தது.)

இத்தடையை நேரிய அசமன்பாடாக எழுதலாம். ஓதக் கோட்டின் ஓரிடத்தை ஆதிப்புள்ளியாகக் கொள்க. அங்கிருந்து கிழக்கே உள்ள தொலைவு 'கி'. வடக்கே உள்ளது 'வ'. மேற்குத் தொலைவு குறை எண்ணாகும். இக்கரை நேர் வடக்காகச் செல்லாமல் சற்றுக் கிழக்கே சாய்கிறது. கணக்கின் எளிமைக்காக, 12 மீட்டர் வடக்கே சென்றால் 5 மீட்டர் கிழக்கே விலகும் நேர்கோடு எனக் கொண்டால், ஓதக் கோடு 12கி − 5வ = 0 ஆகும். 5, 12, 13 அளவுள்ள செங்கோண முக்கோணத்தின்படி, 200 மீட்டர் உள்ளே அமையும் இணைகோடு 12கி − 5வ = −2600.

நிலம் எப்பக்கம்? மேற்கேயுள்ள (−1, 0) என்ற புள்ளியை இட்டால் −12 கிடைக்கிறது; ஆகவே நிலம் குறைப்பக்கம். தடைக்கு வெளியேயுள்ள மனைகள் 12கி − 5வ < −2600 என்பதை நிறைவுசெய்யும். இங்கு ≤ என்னும் குறி பொருந்தாது. '200 மீட்டர் வரை' என்பதில் எல்லையும் தடைக்குள் அடங்குகிறது. 'வரை' என்னும் ஒரு சொல்லே குறியை முடிவுசெய்துவிடுகிறது!

மனை அ (−200, 100): −2400 − 500 = −2900. நிறைவுசெய்கிறது. மனை ஆ (−200, 0): −2400. நிறைவுசெய்யவில்லை. நேர் மேற்கே 200 மீட்டர் அளந்தவர் வியப்படைவார். கரை சாய்ந்திருப்பதால் உண்மைத் தொலைவு 2400/13, ஏறத்தாழ 184.6 மீட்டரே.

2019 அறிவிக்கை, சதுரக் கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கரைகளில் தடையை 50 மீட்டராகக் குறைத்தது. அத்தகைய இடத்தில் வலப்பக்க எண் −650 ஆகும். ஆ மனையும் தேறிவிடும்.

கோடோ நிலையானதன்று. 1980களின் பிற்பகுதியில் எழுந்த புதுச்சேரித் துறைமுக அலைதடுப்புச் சுவர்கள் வடக்கு நோக்கிய மணலோட்டத்தைத் தடுத்ததால், வடபுறக் கரைகள் அரிக்கப்பட்டன. ஓதக் கோடு 25 மீட்டர் உள்ளே வந்தால், 200 மீட்டர்த் தடையின் எல்லை −2925 ஆகிறது. முன்பு தேறிய அ மனையின் மதிப்பு இன்றும் −2900தான்.