தோற்பதற்காகவே ஜெயித்த பயில்வான்!

கோஸ்ரோ வாசிரி, ஈரான் நாட்டுக் குஸ்தி வீரர். 1972-ல் அமெரிக்க ஒலிம்பிக் அணிக்கே துணைப் பயிற்சியாளர்!

பிறகு காசுக்குக் குஸ்தி போடும் கூட்டத்தில் சேர்ந்தார். மொட்டைத் தலை, முறுக்கு மீசை, நுனி வளைந்த பூட்ஸ். பெயர், 'இரும்பு ஷேக்'.

1979-ல் ஈரானில் அமெரிக்கத் தூதரகம் பிடிபட்டது. 52 பேர் 444 நாள் அடைபட்டார்கள். அந்த ஆத்திரம் இவர் மேல் பாய்ந்தது. இவரும் விடவில்லை. அமெரிக்கா பெயரைச் சொல்லிக் காறித் துப்புவார். ஜனங்கள் கொதிப்பார்கள். டிக்கெட் பறக்கும்!

1983 டிசம்பர் 26, நியூயார்க். சாம்பியன் பாப் பேக்லண்டின் முதுகில் உட்கார்ந்து மோவாயை வளைத்தார். பேக்லண்டின் மானேஜர், தோல்வி என்று துண்டை வீசினார். பட்டம் இவருக்கு!

28 நாள்தான். ஹல்க் ஹோகன் பட்டத்தைப் பறித்து உலகப் புகழ் பெற்றார். இந்தக் குஸ்தியில் முடிவை முன்பே பேசி வைத்துவிடுவார்கள். நிஜக் குஸ்தி தெரிந்தவர் கூலிக்குத் தோற்றார்.

வாசிரி 2023-ல், 81-ம் வயதில், அமெரிக்காவிலேயே காலமானார்.