எடை தேறினால் மட்டும் போதுமா?

அப்புத்தளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இன்று பிறக்கும் குழந்தைக்கு, இலங்கையின் வேறெந்தக் குழந்தையையும் போலவே, ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போகுமுன் பீ.சி.ஜி. ஊசி போடப்பட்டுவிடுகிறது. காசநோய்க்கு எதிராக 1949இல் இந்த நாட்டுக்கு வந்த தடுப்பூசி அது. கொழும்புப் பிள்ளைக்கும் லயத்துப் பிள்ளைக்கும் அதில் பேதமில்லை. பேதம் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதற்கும் நூற்றுக்குச் சுமார் 17 பேர். பெருந்தோட்டங்களை மட்டும் எடுத்தால் 32 பேர். இதை நாம் வளர்த்திக் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். பிள்ளை குள்ளம், மெலிவு, படிப்பில் சோர்வு என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அதே பசியில் பிள்ளையின் நெஞ்சுக்குள் ஓர் உறுப்பும் சுருங்குகிறது. ஊசி பலிப்பதற்கு வேண்டிய படை அங்கேதான் தயாராகிறது.

நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் தைமஸ் சுரப்பிதான் அது. அதற்குப் பெரிதாக வேலை எதுவும் இல்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1961இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த எலிக்குட்டிகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். அவை தொற்றுகளைத் தாங்க முடியாமல் மெலிந்து இறந்தன. வேற்று எலியின் தோலை ஒட்டியபோதும் உடல் அதை எதிர்க்கவில்லை. எலும்பு மச்சையில் பிறக்கும் இளம் கலங்கள் இங்கே வந்துதான் ரி கலங்களாக முதிர்கின்றன. ஒவ்வொன்றும் தன் மரபணுத் துண்டுகளைக் குலுக்கிப் போட்டுத் தனக்கென ஓர் ஏற்பியைச் செய்துகொள்கிறது. அதனால் இன்னும் கண்ணில் படாத கிருமிக்கும் பொருந்தக்கூடிய ஏதோ ஓர் ஏற்பி உடலில் முன்கூட்டியே இருக்கும். ஆனால் குருட்டாம்போக்கில் செய்யப்படுவதால், நம் உடலையே தாக்கும் ஏற்பியும் உருவாகலாம். ஆகவே தைமஸ் இரண்டு சோதனை வைக்கிறது. உடற்கலங்களின் மேலுள்ள எச்.எல்.ஏ. மூலக்கூறைப் பிடிக்கவே தெரியாத கலம் செத்துப்போகும். உடலின் சொந்தப் புரதத்தை இறுகப் பிடிக்கும் கலமும் பெரும்பாலும் அப்படியே. நூற்றில் ஐந்துகூடத் தேறி வெளியே வருவதில்லை. தப்பிவரும் போக்கிரிகளை அடக்கிவைக்கவும் ஒரு வகை ரி கலம் உண்டு. அதைக் கண்டறிந்த பிரங்கோவ், ராம்ஸ்டெல், சகாகுச்சி மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ரி கலம் கிருமியை முழுசாகப் பார்ப்பதில்லை. உடற்கலம் ஒன்று கிருமியின் புரதத்தை நறுக்கி, ஒரு துணுக்கை எச்.எல்.ஏ. மூலக்கூறில் வைத்து வெளியே காட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது அடையாளம் காணும். 1974இல் இதைக் காட்டிய டோஹர்ட்டிக்கும் சிங்கர்நாகலுக்கும் 1996இல் நோபல் வந்தது. காசநோயில் இது உயிர்நாடியான விஷயம். இரத்தத்தில் மிதக்கும் பிறபொருளெதிரிகள், கலத்துக்குள் புகுந்த கிருமியைத் தொட முடியாது. காசநோய்க் கிருமி குடியிருப்பதோ, தன்னை விழுங்க வந்த வெள்ளணுவுக்குள்ளேயே. உதவி ரி கலம் வந்து இன்டர்ஃபெரோன் காமா என்ற பொருளைச் சுரந்தால்தான் அந்த வெள்ளணு வீறுகொண்டு கிருமியைக் கொல்கிறது, அல்லது அடைத்து வைக்கிறது. கிருமி தொற்றியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரே வாழ்நாளில் நோயாளி ஆகிறார்கள். மற்றவர்களைக் காப்பது இந்தக் காவல். எச்.ஐ.வி. இதே உதவிக் கலங்களை அழிப்பதால்தான் அந்நோயாளிகளிடம் காசநோய் அவ்வளவு வேகமாகக் கிளம்புகிறது. காசநோய்த் தொற்றைச் சோதிக்கக் கையில் மாண்டூ ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளக்கிறார்களே, அது ரி கலங்கள் வந்து கூடியதன் தடிப்பு. கடும் ஊட்டக்குறைவுள்ள பிள்ளைகளுக்குத் தொற்று இருந்தாலும் அந்தத் தடிப்பு பல வேளைகளில் எழும்புவதில்லை.

பசியில் உடல் கோர்ட்டிசோல் ஹார்மோனைக் கூட்டுகிறது. அது தைமஸிலுள்ள இளம் கலங்களைச் சாகடிக்கிறது. லெப்டின் என்ற இன்னொரு ஹார்மோன் குறைகிறது, துத்தநாகம் போதாமல் போகிறது. சுரப்பி சுருங்குகிறது. ஆப்பிரிக்காவின் காம்பியாவில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, பஞ்ச மாதங்களில் பிறந்த குழந்தைகளின் தைமஸ் அறுவடைக் காலத்துக் குழந்தைகளுடையதைவிடச் சிறிதாக இருந்தது. வயிறு நிறைய ரொட்டியும் சம்பலும் சாப்பிடுகிறார்களே, பசி எங்கே என்று கேட்கலாம். கோதுமை மா வயிற்றை நிரப்பும். முட்டையும் மீனும் பருப்பும் தரும் புரதமும் துத்தநாகமும் அதில் போதாது. தோட்டத்து ஆட்கள் பிறவியிலேயே குள்ளம் என்ற பேச்சும் உண்டு. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நன்கு ஊட்டப்பட்ட பிள்ளைகளை அளந்து, அவர்கள் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு வளர்வதைக் கண்டபின் 2006இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளின் முன் அந்தப் பேச்சு நிற்காது.

கனமான ஆட்சேபம் சென்னையிலிருந்து வருகிறது. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வில், சானடோரியத்தில் நல்ல உணவோடு கிடந்தவர்களும், வீட்டில் ஏழைச் சாப்பாட்டோடு மாத்திரை விழுங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். அப்படியானால் மருந்து போதும், சோறு எதற்கு? அந்த ஆய்வு நோய் வந்தவரைக் குணப்படுத்துவது பற்றியது. அங்கே கிருமியைக் கொன்றது மருந்து. நோயே வராமல் தடுப்பதென்றால் மருந்தின் இடத்தில் ரி கலம் நிற்க வேண்டும். ஊசி மட்டும் போதாது என்பதற்கும் சான்று தமிழ்நாட்டிலேயே உண்டு. 1968இல் செங்கல்பட்டில் தொடங்கி, இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோரை வைத்து நடந்த பீ.சி.ஜி. ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்றே முடிந்தது. பச்சைக் குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய்க்கு அது நல்ல காவல். அதற்காகக் கட்டாயம் போடத்தான் வேண்டும். உணவின் பங்கை ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழுவினர் சோதித்தார்கள். நோயாளிகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரில் ஒரு பகுதியினருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். 2023இல் வெளியான முடிவு: அவர்களிடையே காசநோய் 39 வீதம் குறைந்தது. ஆய்வாளர்கள் யாருடைய தைமஸையும் அளக்கவில்லை. பலர் வளர்ந்தவர்கள், அந்த வயதில் தைமஸ் எப்படியும் சுருங்கிவிட்டிருக்கும். ஆனால் பசி, முதிர்ந்த ரி கலங்களையும் சோரவைக்கும். தைமஸ் முழு வீச்சில் உழைக்கும் வயதில் அந்த இழப்பு குறைவாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. ஒருவர் இருமினால் வீடு முழுவதும் அதே காற்றைச் சுவாசிக்கும் லயக்காம்பராவில் இது ஏட்டுக் கணக்கல்ல.

நல்ல செய்தி, தைமஸ் மீண்டு வரும் என்பது. பொலிவியாவில் கடும் ஊட்டக்குறைவோடு சேர்க்கப்பட்ட குழந்தைகளை ஸ்கேனில் தொடர்ந்து பார்த்தார்கள். எடை ஏறக்குறைய ஒரு மாதத்தில் தேறியது. தைமஸ் தேற இரண்டு மாதமாயிற்று. எடை அட்டையில் கோடு மேலே ஏறியதும் தாயும் மருத்துவமாதும் பெருமூச்சு விடுவது இயல்புதான். உள்ளே வேலை பாதியில்தான் நிற்கிறது. ஆகவே கேட்பது இதுதான்: மெலிந்த பிள்ளைக்குத் திரிபோஷவும் முட்டையும் பருப்பும் கொடுக்கத் தொடங்கினால், எடை சரியான பின்பும் குறைந்தது இன்னொரு மாதம் நிறுத்தாதீர்கள். பிள்ளைக்காம்பராவில் கொடுக்கும் சாப்பாட்டுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், அதைத் தடுப்பூசிச் செலவின் கணக்கிலேயே எழுதட்டும்.