காட்டுக்கு நடுவே காகித மரம்

அந்தமானில் படாக் வெட்டக் கட்டுப்பாடு. விடுதிச் சுவர்களில் சன்மைக்கா. தேர்வில் தவறினால் திருத்துவது சுலபமல்ல.

மாயாபந்தரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மரம்தான். கடலோரத்தில் அலையாத்தி, அதற்குப் பின்னால் படாக்கும் குர்ஜனும் ஓங்கி நிற்கும் காடு. ஆனால் இங்கே விடுதி கட்டுபவர் வரவேற்பு மேஜைக்கும் அலமாரிக் கதவுக்கும் தேடுவது காகிதத்தில் அச்சடித்த மரத்தை. அதுவும் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கப்பலேறி வர வேண்டும்.

முன்பு இப்படி இல்லை. 1883இல் சாத்தம் தீவில் மர அறுவை ஆலை வந்ததிலிருந்து அந்தமானின் வருமானமே மரம்தான். காட்டு வேலைக்காகவே 1925இல் பர்மாவிலிருந்து கரேன் மக்கள் கொண்டுவரப்பட்டு, மாயாபந்தரை அடுத்த வெபியில் குடியமர்த்தப்பட்டார்கள். சிவந்த படாக் பலகை கப்பல் கப்பலாகப் போயிற்று. பிளைவுட், வெனீர் ஆலைகளும் வந்தன. 2002 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதற்குக் கடிவாளம் போட்டது. கோதவர்மன் வழக்கில் சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஏற்று, ஆலைகளுக்காக மரம் வெட்டுவதையும் தீவுகளுக்கு வெளியே மரம் அனுப்புவதையும் நிறுத்தியது. உள்ளூர்வாசிகளின் தேவைக்கு மட்டும் வழி விட்டது. காடு பிழைத்தது. பலகை அரிதானது.

இதற்கிடையே கட்டடங்கள் பெருகின. 2006இல் வடக்கு மற்றும் நடு அந்தமான் தனி மாவட்டமாகி, மாயாபந்தர் அதன் தலைநகரமானது. அலுவலகம், மருத்துவமனை, விருந்தினர் விடுதி, கர்மாடாங் கடற்கரைக்கு வருபவர்களை நம்பிய லாட்ஜ் என்று எங்கும் கவுன்ட்டர், கதவு, தடுப்பு தேவை. சன்மைக்கா அங்கேதான் நுழைகிறது.

சன்மைக்கா என்பது உண்மையில் ஒரு வணிகப் பெயர். ஜெராக்ஸ் போல, டால்டா போல, பொதுப் பெயராகிவிட்டது. மைக்காவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மின்காப்புக்கு மைக்காவுக்குப் பதிலாக ஒரு பொருள் தேடி அமெரிக்காவில் 1912இல் உருவானது 'ஃபார்மைக்கா'. அதன் வாரிசுதான் இது. பினாலிக் பிசினில் தோய்த்த பழுப்புத் தாள்கள் பல, அவற்றின் மேல் மெலமைன் பிசினில் தோய்த்த அச்சுத் தாள் ஒன்று. எல்லாவற்றையும் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்தால் ஒரே தகடாகிறது. வழக்கமான கனம் 1 மில்லிமீட்டர், அளவு எட்டுக்கு நாலு அடி. கீறல், கறை, ஈரத்துணி எல்லாவற்றையும் தாங்கும். காபி டம்ளர் வைக்கலாம். அடுப்பிலிருந்து இறக்கிய எண்ணெய்ச் சட்டியை வைக்கக் கூடாது.

வாங்குபவர் கண் போவது நிறத்தின் மேல். கெடுவதோ உள்ளே. இந்தத் தீவுகளில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, எந்நேரமும் ஈரக் காற்று. தகடு என்னதான் கல் மாதிரி இருந்தாலும் அடிப்படையில் காகிதம். ஈரத்தில் விரியும், உலர்ந்தால் சுருங்கும். கதவின் ஒரு முகத்தில் மட்டும் தகட்டை ஒட்டி, மறுமுகத்துக்கு வெறும் பெயிண்ட் அடித்தால், பெயிண்ட் பக்கம் ஈரத்தைக் குடிக்கும், தகட்டுப் பக்கம் குடிக்காது. பலகை வில்லாக வளையும். ஏசி அறை என்றால் நிலைமை இன்னும் மோசம்: உள்ளே உலர்ந்த குளிர், வெளியே வராந்தாவில் புழுக்கம், இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு. பின்பக்கத்திலும் அதே கனத்தில் ஒரு சாதாரணத் தகட்டை ஒட்டுவதுதான் இதற்கு மருந்து. 'யார் பார்க்கப் போகிறார்கள்?' என்று செலவுக் கணக்கில் முதலில் அடிபடுவதும் அந்தத் தகடுதான்.

அடுத்தது அடிப்பலகை. ஐஎஸ் 303 முத்திரையிலேயே இரண்டு தரம் உண்டு. எம்ஆர் தரம் லேசான ஈரத்துக்குத்தான். குளியலறைப் பக்கம் பிடபிள்யூஆர் தரமோ, ஐஎஸ் 710 முத்திரையிட்ட மெரைன் பிளையோ வேண்டும். தகட்டைக் கறையான் சீண்டாது. பிளைவுட்டைத் தின்றுவிட்டுத் தகட்டை மட்டும் மிச்சம் வைக்கும். ஓரங்களைப் பட்டையிட்டு மூடாவிட்டால் தண்ணீர் அந்த வழியாகவே ஏறும். பொதுக் கழிப்பறைத் தடுப்புக்குப் பிளைவுட்டே வேண்டாம். 12 மில்லிமீட்டர் கனமுள்ள காம்பாக்ட் தகடு தனியாகவே நிற்கும். விலை அதிகம்தான், ஆனால் உள்ளே ஊற மரமே இல்லை.

ஒட்டுவதிலும் அவசரம் ஆகாது. கப்பலில் வந்த தகட்டையும் பலகையையும் பொருத்தப்போகும் அறையிலேயே மூன்று நாளாவது கிடத்திவைத்து, அங்குள்ள காற்றுக்குப் பழக விட வேண்டும். சுவிட்சுக்கும் சிங்க்குக்கும் வெட்டும்போது உள்மூலையைச் சதுரமாக விடக் கூடாது. லேசாக வளைத்து வெட்டாவிட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

நிறம்? அடர் நிறப் பளபளப்பில் கைரேகையும் கீறலும் உடனே தெரியும். நாலு பேர் சாய்ந்து நிற்கும் கவுன்ட்டருக்கு மங்கலான நடுநிறமே நல்லது. உள்ளங்கையளவு மாதிரியைக் கடை வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்தவர்கள், அதே நிறம் முழுச் சுவராக நிற்கும்போது திகைப்பார்கள். விபத்து நேரத்தில் கூட்டம் வெளியேற வேண்டிய நடைவழிகளுக்குத் தீ பரவலைத் தடுக்கும் தரம் தனியாக உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும், கடைக்காரர் தாமாகச் சொல்வது அபூர்வம்.

சென்னையில் தவறான ஷீட் வந்தால் மாலைக்குள் மாற்றிவிடலாம். மாயாபந்தருக்கு அது வருவதற்கு முதலில் 2024இல் ஸ்ரீ விஜயபுரமான போர்ட் பிளேருக்குச் சுமார் மூன்று நாள் கப்பல் பயணம். பிறகு ஜாரவா காப்பகத்தின் வழியே, வாகனங்கள் வரிசையாக மட்டும் அனுமதிக்கப்படும் டிரங்க் ரோட்டில் சுமார் 240 கிலோமீட்டர்.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். படாக் தப்பியது; ஆனால் தகட்டுக்கு அடியில் இருப்பதும் மரம்தான். யமுனாநகர் ஆலைகளில் பாப்லர், பெரும்பாவூரில் ரப்பர் மரம். தோட்டத்தில் வளர்ந்தவை என்பது ஆறுதல். ஆனால் பிசினால் ஒட்டிய தகட்டையும் பலகையையும் பிரிக்க முடியாது, எரித்தால் நச்சுப் புகை. பழைய படாக் மேஜையை இழைத்தால் புதிய மேஜை. உரிந்த சன்மைக்கா, தீவில் போக இடமில்லாத குப்பை. ஐந்து வருடத்தில் மாற்றவேண்டிய மலிவுத் தகட்டைவிட, பதினைந்து வருடம் நிற்கும் தகடு இங்கே காட்டுக்கும் சிக்கனம், கல்லாவுக்கும் சிக்கனம்.

அனுபவப்பட்ட தச்சர்கள் கூடுதலாக இரண்டு மூன்று ஷீட் வரவழைக்கச் சொல்கிறார்கள். ஒரு தொகுதியின் நிறம் மறு தொகுதியோடு ஒட்டாது; டிசைன்களும் சில வருடங்களில் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். அந்த ஷீட்டுகளைச் சுவரில் சாய்த்துவைத்தால் வளைந்துவிடும். தரையிலிருந்து உயர்த்திய பலகை மேல், முகத்தோடு முகம் வைத்து, மேலே கனமான பழைய பிளைவுட் ஒன்றைப் போட்டு மூட வேண்டும்.