டின்னில் 20 டிகிரி, செஞ்சியில் 40

கிளியர் டின்னுக்கு நிறுவனம் தரும் தொழில்நுட்பத் தாளைப் பார்த்தால் எல்லாக் கணக்கும் 20 டிகிரி செல்சியஸில் தொடங்கும். ஹார்டனர் கலந்த கிளியர் எத்தனை நேரம் தாங்கும், முதல் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதெல்லாம் அந்த 20-ஐ நம்பி எழுதியவை. செஞ்சியில் அந்த 20 மார்கழி விடியற்காலையில் எட்டிப் பார்க்கும். ஆனால் அப்போது பனி இறங்கிக்கொண்டிருக்கும், பெயிண்ட் டின்னைத் திறக்கவே முடியாது. சித்திரை, வைகாசியில் வெயில் 40-ஐ நெருங்கிவிடும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று ஊரைச் சுற்றி நிற்கும் பாறைக் குன்றுகள் பகலில் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் விட்டுக்கொண்டிருக்கும்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையோரம் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. அங்கே ஐம்பது வயது அம்பாசடருக்குக் கிளியர் அடிக்க எந்த ஸ்பிரே கன் வாங்குவது? கடைக்குப் போனால் பிராண்டும் விலையும் பேசுவார்கள். என் கணக்கில் கன்னைக் கடைசியாகத்தான் முடிவு செய்ய வேண்டும். பட்டறையில் இருக்கும் கம்ப்ரஸரும் வெளியே இருக்கும் வெயிலும் முதலில் பேசட்டும்.

அதற்கும் முன்னால், அந்த வண்டிக்குக் கிளியர் தேவையா என்று கேட்டுக்கொள்வது நல்லது. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் 1961 முதல் 1971 வரை ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரானது. இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி வடிவமைத்த வண்டி அது. 1968-ல் வந்த நான்கு கதவு மாடல் இந்தியாவுக்கென்றே செய்தது. அந்த ஹெரால்டும் அதே காலத்து அம்பாசடரும் தொழிற்சாலையிலிருந்து கிளியர் பூசிக்கொண்டு வந்தவை இல்லை. நிறமும் பளபளப்பும் ஒரே பெயிண்டில் இருந்த காலம் அது. அடியில் நிறம், மேலே நிறமற்ற கிளியர் என்ற இரட்டை அடுக்கு உலகச் சந்தையில் பரவலானதே 1980-களில்தான்.

ஆகவே வெள்ளை, கறுப்பு, பால் நிறம் போன்ற ஒற்றை நிற வண்டி என்றால் கிளியர் இல்லாமல் அடிப்பதே என் கட்சி. கிளியர் பூசிய பழைய வெள்ளை அம்பாசடர் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மை மாதிரி நிற்கும். மெட்டாலிக் நிறம் கேட்கிறார்கள், அல்லது வண்டி ஆண்டு முழுக்கக் கல்யாண வாடகைக்கு வெயிலில் நிற்கப் போகிறது என்றால் கதை வேறு. கிளியரில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள்கள் உண்டு. அடியில் இருக்கும் நிறம் வெளுக்காமல் அவை காக்கும்.

பழைய பெயிண்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே அடிக்கும் எண்ணம் இருந்தால் ஒரு சோதனை செய்ய வேண்டும். டிக்கி மூடியின் உட்பக்கம் போல மறைவான இடத்தில் தின்னரில் நனைத்த துணியால் தேய்த்துப் பார்க்கலாம். பெயிண்ட் கரைந்து துணியில் ஏறினால் அது பழைய லேக்கர். அதன்மேல் ஹார்டனர் கலந்த கிளியரை நேராக அடித்தால் அடியில் இருப்பது ஊறிச் சுருங்கி, முழு வண்டியையும் தகடு தெரியத் தேய்க்க வேண்டிவரும்.

அந்த லேக்கரும் ஸ்பிரே கன்னும் காருக்கு ஒன்றாகவே வந்து சேர்ந்தவை. 1920-களின் தொடக்கம் வரை கார்களுக்கு வார்னிஷைத் தூரிகையால் பூசுவார்கள். காய வாரக்கணக்கில் ஆகும். 1923-ல் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரைக் கொண்டுவந்தன. நம் பெயிண்டர்கள் இன்றும் சொல்லும் ‘டூக்கோ’ அதுதான். வாரக்கணக்கு வேலை மணிக்கணக்கில் முடிந்தது. ஆனால் அது காயும் வேகத்துக்குத் தூரிகை ஈடுகொடுக்கவில்லை, இழுத்த கோடு இழுத்த இடத்திலேயே உறைந்தது. தெளித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை. தெளிக்கும் கருவியோ அதற்கு முன்பே தயாராக இருந்தது. ஒஹையோ மாநிலத்தின் டொலீடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற மருத்துவர் நோயாளிகளின் தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு கருவி செய்து, 1888-ல் நிறுவனமும் தொடங்கியிருந்தார். அவர் மகன் தாமஸ் 1907-ல் அதே முறையைப் பெயிண்டுக்கு மாற்றினார்.

கன்னுக்குள் நடப்பது இதுதான். விசையை இழுத்ததும் ஊசி பின்வாங்கி, நாசில் துளை வழியே கிளியர் மெல்லிய தாரையாக வெளியே வருகிறது. அதைச் சுற்றி வளையமாகக் காற்று சீறுகிறது, ஏறக்குறைய ஒலியின் வேகத்தில். காற்று தாரையைப் பிய்க்கப் பார்க்கும், கிளியரின் பரப்பு இழுவிசை அதை ஒன்றாகப் பிடித்து வைக்கப் பார்க்கும். துளி சிறுத்துக்கொண்டே போய், இரண்டும் சமமாகும் அளவில் நிற்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் துளியின் விட்டம் ஏறக்குறைய நாலில் ஒன்றாகும் என்பது இந்த இழுபறியின் கணக்கு. பிறகு காற்று மூடியின் இரண்டு கொம்புகளிலிருந்து வரும் காற்று, உருண்டையாக வரும் தெளிப்பைத் தட்டி விசிறியாக்குகிறது.

துளிகள் தகட்டில் விழுந்ததும் பரப்பு மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். அது தானாகச் சமமாக வேண்டும். சமமாகாமல் உறைந்தால் பெயிண்டர்கள் ‘ஆரஞ்ச் பீல்’ என்று தலையில் அடித்துக்கொள்ளும் அந்தச் சொரசொரப்பு. 1960-களின் தொடக்கத்தில் ஆர்ச்சர்ட் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு சமன்பாடு தந்தார், பூச்சுத் துறை இன்றும் அதைத்தான் கையில் எடுக்கிறது. அதன்படி இரண்டு மேடுகளுக்கு இடையே உள்ள தூரம் இரண்டு மடங்கானால், சமமாக ஆகும் நேரம் 16 மடங்கு நீளும். படலத்தின் கனம் பாதியானால் 8 மடங்கு நீளும். அதாவது பெரிய துளிகள் விட்ட அலைகள் கிளியர் இறுகுவதற்குள் படியவே படியாது. மெல்லிசாகத் தூவிவிட்டால் சின்ன அலைகூட நின்றுவிடும். நுண்ணிய துளியும் வேண்டும், ஈரமான கனத்த கோட்டும் வேண்டும். இரண்டு கோட்டில் காய்ந்த பின் 50, 60 மைக்ரான் நிற்பது வழக்கம். ஒரு தலைமுடியைவிடச் சற்று மெல்லிசு.

நுண்ணிய துளிதான் நல்லது என்றால் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகலாமே? 20 டிகிரியில் ஓரளவுக்குப் போகலாம். செஞ்சி வெயிலில் அது வினை. ஒரு துளி ஆவியாக எடுக்கும் நேரம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 40 மைக்ரான் துளியோடு ஒப்பிட்டால் 20 மைக்ரான் துளி நாலில் ஒரு பங்கு நேரத்தில் காய்ந்துவிடும். கன்னிலிருந்து தகடு வரை இருப்பது ஒரு சாண் தூரம்தான். அதற்குள் சூடான காற்றில் தின்னரைப் பறிகொடுத்த துளி தகட்டில் விழும்போது பரவாது, பொடியாக உட்காரும். கூரையின் நடுப்பகுதி கைக்கு மணலாகத் தட்டுப்படுவது இதனால்தான்.

சந்தையில் கன்கள் மூன்று வகை. பழைய உயர் அழுத்த கன் நன்றாகத்தான் தூவும், ஆனால் அடிப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியில் ஒட்டும். மீதி புகையாகக் கொட்டகை முழுக்கச் சுற்றும். தெற்குக் கலிபோர்னியாவில் காற்று மாசு விதிகள் இறுகியபோது எச்.வி.எல்.பி. கன்கள் தலையெடுத்தன. நிறையக் காற்று, குறைந்த அழுத்தம் என்பது அவற்றின் வழி. காற்று மூடியில் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது, 65 சதவீதமாவது பொருளில் ஒட்ட வேண்டும். மூன்றாவது வகை இடைநிலை அழுத்த கன். அதே 65 சதவீதத்தை எட்டும், காற்று குறைவாகக் கேட்கும், துளியும் இன்னும் நுண்மை.

படித்தவுடன் எச்.வி.எல்.பி. வாங்கத் தோன்றும். அங்கேதான் கம்ப்ரஸர் குறுக்கே நிற்கிறது. பெயர் பெற்ற எச்.வி.எல்.பி. கன் ஒன்று 2 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 430 லிட்டர் காற்றைக் கேட்கும். இடைநிலைக் கன்னுக்கு 290 லிட்டர் அளவில் போதும். ஒரு குதிரைத்திறன் கம்ப்ரஸர் உண்மையில் தருவது நிமிடத்துக்கு 100 லிட்டர் சொச்சம். உடம்பில் அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் உள்ளே இழுக்கும் காற்றுக்கானது, வெளியே வருவதற்கானது இல்லை. சின்னப் பட்டறையில் இருக்கும் 2 குதிரைத்திறன் கம்ப்ரஸரில் எச்.வி.எல்.பி. கன்னை மாட்டினால் முதல் கதவு கண்ணாடியாக வரும். பானெட்டின் பாதியில் டேங்க் இளைக்கும், அழுத்தம் விழும், துளி பெருக்கும். ஒரே வண்டியில் இரண்டு தோல் தெரியும். பெயிண்டர் கன்னைத் திட்டுவார், கன் பாவம்.

என்னைக் கேட்டால் செஞ்சி மாதிரி ஊருக்கு இடைநிலை அழுத்த கன், மேல் கப், 3 குதிரைத்திறன் கம்ப்ரஸர், பெரிய டேங்க். அதற்கு மேலே போனால் பெரும்பாலும் த்ரீ பேஸ் இணைப்புக்கு எழுதிப்போட வேண்டிவரும். டியூபையும் பார்க்க வேண்டும். உள்விட்டம் 6 மில்லிமீட்டர் டியூபை எடுத்துவிட்டு 8 போட்டால், அதே காற்றோட்டத்துக்கு அழுத்த இழப்பு நாலில் ஒன்றுக்கும் கீழே போய்விடும், ஏனென்றால் அது விட்டத்தின் ஐந்தாம் படியைப் பொறுத்தது. விலை உயர்ந்த கன்னுக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு துண்டை டியூபில் போட்டால் இவ்வளவு கிடைக்கிறது. ஏனோ யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

நாசில் அளவில் கிளியருக்கு 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர். கோடையில் 1.4-ஐ எடுத்து, மெதுவாகக் காயும் தின்னரும் மெதுவான ஹார்டனரும் சேர்ப்பது நல்லது. பிரைமருக்கு 1.6-க்கு மேல் வேண்டும், ஆகவே அதற்குப் பழைய கன்னே இருக்கட்டும். கிளியர் கன்னில் பிரைமர் ஏறவே கூடாது.

கோடைக்குத் தின்னர் மாற்றிச் சமாளிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக் காற்று வீசும்போது வேறு தொல்லை வரும், அது காற்றுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கிறது. அதை எட்டில் ஒன்றாக அமுக்கி ஆறவிட்டால் பெரும்பகுதி தண்ணீராகிவிடும். நிமிடத்துக்கு 290 லிட்டர் காற்று ஒரு மணி நேரம் ஓடினால் 350 மில்லி தண்ணீர் எங்காவது தேங்கியாக வேண்டும். டேங்க்கின் அடியில் தேங்கினால் காலையில் திறந்துவிடலாம். கம்ப்ரஸர் சூடாக ஓடும்போது ஆவியாகவே டேங்க்கைத் தாண்டி, டியூபில் ஆறி, கன் வழியாகத் துப்பும்.

ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். கிளியரின் பிசினோடு கைகோக்க வேண்டிய அது, தண்ணீரைக் கண்டால் அதோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடை விடும். காய்ந்த கிளியரில் ஊசி முனை அளவு குமிழிகள் தெரிந்தால் இப்படி வந்த வாயுவையும் சந்தேகிக்க வேண்டும். கம்ப்ரஸரிலிருந்து சில மீட்டர் இரும்புக் குழாயைச் சற்றுச் சரிவாக ஓட்டி, கன்னுக்கு இறங்கும் கிளையைக் குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுத்து, அதன் முடிவில் ஈரப்பிரிப்பான் மாட்டினால் பெரும்பாலான தண்ணீர் வழியிலேயே நின்றுவிடும்.

வெப்பத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பத்து டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொது விதி. 20 டிகிரியில் இரண்டு மணி நேரம் தாங்கும் கலவை 40 டிகிரியில் அரை மணி தாங்கினால் அதிகம். ஒரு வண்டிக்கு மொத்தமாகக் கலந்து வைப்பதைவிட இரண்டு கதவுக்கு ஒருமுறை கலப்பதுதான் இங்கே புத்தி. கோடையில் பனியும் இல்லாமல் தகடும் சூடேறாமல் கிடைப்பது காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை. மாலையில் அடிக்கலாமே என்பார்கள். டியூப் லைட்டைப் போட்டதும் வரும் பூச்சிகளைக் கிளியரிலிருந்து பொறுக்கியவர்கள், மழைக்கு மறுநாள் ஈசலோடு மல்லுக்கட்டியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தரையைத் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்தால் கல்தூசி அடங்கும்.

ஐசோசயனேட்டைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் விட முடியாது. அது மூச்சுக்குழாயை உணர்வூட்டித் தொழில்சார் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்பு பழகி எதிர்க்கத் தொடங்கிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே இழுப்பைத் தூண்டிவிடும். காற்றில் ஆபத்தான அளவு கலந்திருந்தாலும் மூக்குக்குத் தெரியாது. வாயில் கட்டும் கைக்குட்டையோ துணி மாஸ்க்கோ இதற்குப் பயன்படாது. வெளிக்காற்றைக் குழாய் வழியே கொண்டுவரும் முகமூடிதான் சரியான பாதுகாப்பு, கையுறையும் கண்ணாடியும் அதோடு சேர்த்தி. அதிகம் ஒட்டும், குறைவாகப் புகையும் கன்னை நான் தூக்கிப் பிடிப்பதற்குக் கிளியர் மிச்சமாவது இரண்டாவது காரணம்தான்.

இனி கடைக்குப் போகலாம். கன்னைக் காற்றில் மாட்டி, கப்பில் கொஞ்சம் தின்னர் கலந்த பெயிண்டை ஊற்றி, சுவரில் ஒட்டிய காகிதத்தில் ஒரு நொடி அடித்துக் காட்டச் சொல்ல வேண்டும். நல்ல கன் மேலிருந்து கீழ்வரை சமமான நீள்வட்டத்தை விடும். நடுவில் இடுப்பு சிறுத்தால் விசிறிக் காற்று அதிகம், திருகைக் குறைத்தால் சரியாகும். உருவம் ஒரு பக்கமாகப் பிறை போல வளைந்தால் காற்று மூடியைக் கழற்றி 180 டிகிரி திருப்பி மாட்டி மறுபடி அடிக்கச் சொல்லலாம். வளைவும் கூடவே திரும்பினால் கொம்புத் துளையில் அடைப்பு, கழுவினால் போய்விடும். வளைவு பழைய பக்கமே நின்றால் கோளாறு நாசிலில் இருக்கிறது, வேறு கன் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.